ரத்தப் புற்றுநோயும் மரபணு ரிப்போர்ட்டும்: குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிந்து, கையில் ஏழெட்டுப் பக்க ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வார்டுக்கு வெளியே நிற்பவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. டாக்டர் சொல்வதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் சொல்வது காதில் விழுந்தும் மனதில் ஏறாத அந்த முதல் வாரத்துக்காக எழுதியது.

பிளட் கேன்சர் என்று உறுதியாகிவிட்டது. பிறகும் எதற்கு ஜீன் டெஸ்ட்?

பிளட் கேன்சர் என்பது ஒரே நோய் இல்லை, அதனால்தான். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் இரண்டு பேருடைய மஜ்ஜையும் அச்சில் வார்த்ததுபோல இருக்கும்; முதிராத வெள்ளணுக்கள் இடம்விடாமல் அடைத்துக்கொண்டு கிடக்கும். ஒருவருக்கு நாலைந்து சுற்று கீமோவோடு நோய் விலகி, திரும்பிப் பார்க்காமல் போய்விடும். இன்னொருவருக்கு அதே கீமோ முடிந்து ஆறு மாதத்தில் மறுபடி தலைகாட்டும். இந்த வித்தியாசம் செல்லின் தோற்றத்தில் தெரியாது. அதன் குரோமோசோம்களிலும் மரபணுக்களிலும் ஏற்பட்ட மாற்றங்களில்தான் இருக்கிறது.

அந்த மாற்றம் இன்னதென்று தெரிந்தால் மூன்று முடிவுகள் எடுக்கலாம். கீமோவை எவ்வளவு கடுமையாகக் கொடுப்பது, அந்த மாற்றத்தையே குறிவைக்கும் மருந்து ஏதும் உண்டா, ஸ்டெம்செல் டிரான்ஸ்பிளான்ட் வரை போக வேண்டுமா. இதில் முதல் முடிவை எல்லோரும் ‘இன்னும் கடுமையாக’ என்றே புரிந்துகொள்கிறார்கள். குறைத்துக் கொடுப்பதும் இந்த ரிப்போர்ட்டை வைத்து எடுக்கிற முடிவுதான். சொல்லப்போனால் இந்தத் துறையின் பெரிய வெற்றிகளில் சில, குறைத்ததில் கிடைத்தவை.

மரபணு என்றால் பரம்பரை நோயா? பிள்ளைகளுக்கும் வருமா?

பெரும்பாலும் இல்லை. இங்கே பார்ப்பது நோய் பிடித்த செல்லின் மரபணு. நீங்கள் பிறந்தபோது இல்லாத மாற்றம், மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் பிற்பாடு ஏற்பட்டது. அது விந்தணுவிலோ கருமுட்டையிலோ இல்லை, ஆகவே பிள்ளைக்குப் போகாது.

விதிவிலக்கு சிலருக்கு உண்டு. டிடிஎக்ஸ்41, ரன்எக்ஸ்1, செப்பா, காட்டா2 போன்ற மரபணுக்களில் பிறவியிலேயே மாற்றம் இருந்தால் குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்த நோய் வரலாம். வீட்டில் வேறு யாருக்காவது லுகேமியா, காரணம் தெரியாமல் வருஷக்கணக்கில் பிளேட்லெட் குறைவு என்று இருந்தால் அதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். இதைக் கேட்காமலே விட்டுவிடுவது எங்கும் நடக்கிறது.

என்னென்ன டெஸ்ட்? ஒரே ஊசியில் எல்லாம் முடிந்துவிடுமா?

ஒரே ஊசிதான், ஆனால் டியூப் பல. இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசியை இறக்கி உறிஞ்சும்போது முதலில் வருகிற சில மில்லி மஜ்ஜைதான் சரக்கு. அடுத்தடுத்து இழுக்க இழுக்க ரத்தம் கலந்து நீர்த்துப்போகும். பச்சை மூடி டியூபில் போவது குரோமோசோம் பார்க்க. அதில் செல்கள் உயிரோடு இருக்க வேண்டும். ஊதா மூடி டியூபில் போவது டிஎன்ஏ எடுக்க.

குரோமோசோம் டெஸ்டை கேரியோடைப் என்பார்கள். செல்களை வளர்த்து, அவை பிரிகிற தருணத்தில் மருந்து போட்டு நிறுத்தி, 20 செல்களை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். ஃபிஷ் என்பது ஒளிரும் குறியை ஒட்டவைத்து, தெரிந்த ஒரு மாற்றம் இருக்கிறதா என்று தேடுவது. அது சீக்கிரம் வரும், ஆனால் தேடச் சொன்னதைத் தவிர வேறெதையும் காட்டாது. பிசிஆர், தேடுகிற மரபணுத் துண்டைப் பல மடங்கு பெருக்கிப் பார்ப்பது, அதைவிட நுட்பமானது. என்ஜிஎஸ் என்பது பல டஜன் மரபணுக்களை ஒரே மூச்சில் எழுத்தெழுத்தாகப் படிப்பது. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்பதில்லை. குரோமோசோமில் பெரிய துண்டு இடம் மாறியிருப்பதை கேரியோடைப் காட்டும். ஒற்றை எழுத்துப் பிழையை அது காட்டாது.

கேரியோடைப் ரிப்போர்ட்டில் ஒரு வரி ஏதோ கணக்குச் சூத்திரம்போல இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது?

ஒரு வரியைப் பிரித்துப் பார்க்கலாம். 46,எக்ஸ்ஒய்,டி(8;21)(கியூ22;கியூ22)[18]/46,எக்ஸ்ஒய்[2] என்று இருக்கிறது என்று வையுங்கள். 46 என்பது குரோமோசோம் எண்ணிக்கை, சரியாக இருக்கிறது. எக்ஸ்ஒய் என்றால் ஆண். டி என்பது இடமாற்றம்: 8-ஆம் குரோமோசோமின் துண்டும் 21-ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாற்றிக்கொண்டிருக்கின்றன. கியூ என்பது குரோமோசோமின் நீளமான கை, 22 அதில் ஒரு பட்டையின் எண். முறிவு நடந்த இடம். பகர அடைப்பில் உள்ள 18, எண்ணிய 20 செல்களில் 18-ல் இந்த மாற்றம் இருந்தது என்பதைச் சொல்கிறது. சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பவை நல்ல செல்கள், இரண்டு.

பார்க்க பயமாக இருக்கிற இந்த வரி, ஏஎம்எல் (அக்யூட் மைலாய்டு லுகேமியா, வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோய்) நோயில் வரக்கூடிய நல்ல செய்திகளில் ஒன்று. 8-க்கும் 21-க்கும் நடந்த இந்த இடமாற்றம் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை.

கேரியோடைப் ‘நார்மல்’ என்று வந்தது. அப்படியென்றால் ஆபத்தில்லையா?

அப்படி அர்த்தமில்லை. ஏஎம்எல் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் குரோமோசோம் நார்மலாகவே இருக்கும். நோயை நடத்துகிற பிழை அதைவிடச் சின்னது என்றுதான் பொருள். அதைப் பிசிஆரும் என்ஜிஎஸ்ஸும் சொல்லும்.

ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?

நோயாளியின் நிலைமை சீராக இருந்தால் ஏஎம்எல்லில் சில நாள் காத்திருப்பதால் கெடுதல் இல்லை. ஐரோப்பிய லுகேமியா வலையமைப்பின் 2022 வழிகாட்டுதல், மருந்தைத் தீர்மானிக்கிற முக்கிய மரபணுக்களுக்கு 3 முதல் 5 நாளிலும், குரோமோசோம் ரிப்போர்ட்டுக்கு 5 முதல் 7 நாளிலும் பதில் வர வேண்டும் என்கிறது. அந்த இடைவெளியில் தொற்றைக் கட்டுப்படுத்துவது, பிளேட்லெட் ஏற்றுவது, வெள்ளணு எண்ணிக்கை எகிறினால் ஹைட்ராக்சியூரியா மாத்திரை கொடுத்து இறக்குவது என்று வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். அவசரப்பட்டுத் தப்பான கீமோவைத் தொடங்குவதைவிட இது மேல்.

ஆனால் ஒரு வகைக்கு இந்தப் பேச்சே கிடையாது. ஏபிஎல் என்கிற அக்யூட் புரோமைலோசைடிக் லுகேமியா. இதில் ரத்தம் உறையும் முறையே குலைந்துபோய், மூளையிலும் நுரையீரலிலும் ரத்தக்கசிவு வந்து முதல் சில நாட்களிலேயே உயிர் போகலாம். ஆகவே மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஏபிஎல்லாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்த உடனேயே ஆட்ரா மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். மரபணு ரிப்போர்ட் பின்னால் வந்து உறுதி செய்யட்டும். வேறு நோய் என்று தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம், பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஈறில் ரத்தம், உடம்பெல்லாம் கன்றிய நீலத் திட்டுகள், அதோடு ரத்தப் பரிசோதனையில் அசாதாரண செல்கள் என்றால் ‘இது ஏபிஎல்லாக இருக்குமா?’ என்று அன்றைக்கே கேளுங்கள். மறுநாள் வரை ஆறப்போடாதீர்கள்.

ஏபிஎல் குணமாகும் என்கிறார்கள். அவ்வளவு மோசமான நோய் எப்படி?

இதில் 15, 17 ஆகிய இரண்டு குரோமோசோம்கள் இடம் மாறி பிஎம்எல்-ராரா என்ற ஒட்டு மரபணு உருவாகிறது. அது செல்லை முதிரவிடாமல் பாதி வளர்ச்சியிலேயே நிறுத்திவைக்கிறது. ஆட்ரா என்பது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். அது செல்லைக் கொல்வதில்லை, அந்தத் தடையை எடுத்துவிட்டு முதிர வைக்கிறது. முதிர்ந்த செல் தன் ஆயுள் முடிந்து தானாகச் சாகும். ஷாங்காயில் வாங் ஜென்யியின் குழு இதை 1980-களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 1988-ல் வெளிவந்த அவர்களுடைய அறிக்கையில் 24 பேரில் 23 பேருக்கு ஆட்ராவிலேயே நோய் அடங்கியிருந்தது. ஆர்செனிக் ட்ரையாக்சைடும் சீனாவிலிருந்தே வந்தது, ஹார்பின் நகரத்தில் செய்த வேலை. பாஷாணம்தான், அளவாகக் கொடுத்தால் அதே பிஎம்எல்-ராரா புரதத்தைச் சிதைக்கிறது.

பிறகு இத்தாலிய, ஜெர்மன் குழுக்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு: வெள்ளணு எண்ணிக்கை அதிகமில்லாத, அதாவது ரிஸ்க் குறைந்த ஏபிஎல் நோயாளிகளுக்கு ஆட்ராவும் ஆர்செனிக்கும் மட்டும் கொடுத்தார்கள், கீமோ கிடையாது. இரண்டு வருட முடிவில் 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமல், எந்தப் பின்னடைவும் இல்லாமல் இருந்தார்கள். கீமோ சேர்த்துக் கொடுத்த தரப்பில் அது 86 சதவீதம். வெள்ளணு 10,000-க்கு மேல் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கீமோ தேவைப்படுகிறது. ஒரே நோய், ஒரே மரபணு, ரிஸ்க்கைப் பார்த்து இரண்டு வைத்தியம்.

ஒரு எச்சரிக்கை. இந்த மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும்போது காய்ச்சல், மூச்சுத்திணறல், இரண்டு மூன்று நாளில் எடை கூடுவது என்று ஒரு சிக்கல் வரலாம். டெக்சாமெத்தசோன் உடனே கொடுத்தால் சமாளித்துவிடலாம். அதனால்தான் ஏபிஎல் நோயாளியை தினமும் எடை பார்க்கிறார்கள். நர்ஸ் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

மற்ற ஏஎம்எல் வகைகளில் ரிஸ்க்கை எப்படிப் பிரிக்கிறார்கள்?

நல்லது, நடுத்தரம், மோசம் என்று மூன்று கட்டம். 8-21 இடமாற்றம், 16-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பது, எஃப்எல்டி3-ஐடிடி (எஃப்எல்டி3 மரபணுவில் ஒரு துண்டு இரட்டிப்பது) இல்லாமல் என்பிஎம்1 மரபணு மாற்றம் மட்டும் இருப்பது போன்றவை நல்ல கட்டம். எஃப்எல்டி3-ஐடிடி இருந்தால் நடுத்தரம். டிபி53 மாற்றம், மூன்றோ அதற்கு மேலோ குரோமோசோம் கோளாறுகள் சேர்ந்து வருவது, ஏஎஸ்எக்ஸ்எல்1 போன்ற சில மாற்றங்கள் மோசமான கட்டம்.

நல்ல கட்டத்தில் இருப்பவர்களுக்குக் கீமோவோடு நிறுத்துவதே வழக்கம். 8-21, 16 வகைகளில் ஜெம்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்தைச் சேர்த்தால் பலன் தெளிவாகக் கூடுகிறது. எஃப்எல்டி3 மாற்றம் இருந்தால் அதைத் தடுக்கிற மாத்திரையைக் கீமோவுடன் கொடுப்பார்கள். மிடோஸ்டாரின் 2017-ல் அனுமதி பெற்றது. அதன் ஆய்வில் நான்கு ஆண்டு முடிவில் மாத்திரை எடுத்தவர்களில் 51 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், எடுக்காதவர்களில் 44 சதவீதம். பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் நடுவில் முப்பது வருஷமாக அசையாமல் நின்ற ஒரு கணக்கு அசைந்தது. அதற்குப் பின் வந்த கில்டெரிடினிப், குவிசார்டினிப் இரண்டும் இதே குறியைத் தாக்குபவை.

வயதானவர்கள், கடும் கீமோ தாங்காதவர்களுக்கு வெனிடோகிளாக்ஸ் மாத்திரையும் அசாசிடிடின் ஊசியும் இப்போது பரவலான முறை. ஐடிஹெச்1 மாற்றம் உள்ளவருக்கு அசாசிடிடினோடு ஐவோசிடெனிப் சேர்த்தபோது, வரிசையில் நடுவில் நிற்பவரின் ஆயுள் 8 மாதத்திலிருந்து 24 மாதமானது. டிபி53 மாற்றம் உள்ளவர்களிடம்தான் இன்னும் மருந்தின் கை ஓங்கவில்லை. மருந்துக்கு அடங்குவதுபோல அடங்கி, சில மாதங்களில் திரும்பி வருகிறது. இதை மழுப்பிச் சொல்வதில் யாருக்கும் லாபமில்லை.

என் மகளுக்கு ஏஎல்எல். ‘ஸ்டாண்டர்ட் ரிஸ்க்’ என்றார்கள். ஏன் மருந்தைக் குறைவாகக் கொடுக்கிறார்கள்? முழு டோஸும் கொடுத்துவிடலாமே?

இந்தக் கேள்வியைப் பெற்றோர் கிட்டத்தட்டக் கோபமாகவே கேட்பார்கள், நியாயம்தான். 1960-களின் தொடக்கத்தில் ஏஎல்எல் (அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா) வந்த குழந்தைகளில் பத்தில் ஒருவர்கூடப் பிழைப்பது அரிது. இன்று நல்ல வசதியுள்ள இடங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் குணமாகிறார்கள். மருந்தைக் கூட்டிக் கூட்டித்தான் இங்கே வந்தோம். அதற்கு விலையும் கொடுத்தோம்: இதயம் பலவீனமாகுதல், இடுப்பு எலும்பு சிதைவு, தொற்று, சில சமயம் மருந்தாலேயே மரணம். நோய் குணமாகி அறுபது எழுபது வருஷம் வாழப்போகிற குழந்தைக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

ஆகவே யாருக்குக் குறைத்தால் ஒன்றும் ஆகாது என்று தேடினார்கள். செல்லில் 50-க்கும் அதிகமான குரோமோசோம்கள் இருப்பதும் ஈடிவி6-ரன்எக்ஸ்1 ஒட்டு மரபணுவும் நல்ல அறிகுறிகள். குரோமோசோம் குறைந்து 44-க்கும் கீழே போவது, கேஎம்டி2ஏ மாற்றம், 21-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி பல பிரதிகளாகப் பெருகுவது ஆகியவை கெட்ட அறிகுறிகள். இதோடு முதல் மாத முடிவில் நோய் எவ்வளவு மிச்சம் என்று எண்ணிப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் எம்ஆர்டி. பிரிட்டனில் 2003-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், எம்ஆர்டி மறைந்துபோன குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்கு இரண்டாவது தீவிர கீமோ கட்டத்தை விட்டுவிட்டார்கள். இரு தரப்பும் ஒரே மாதிரி, ஐந்தாண்டில் 95 சதவீதத்தை ஒட்டியே, நன்றாக இருந்தன. அதே ஆய்வில் எம்ஆர்டி மிச்சமிருந்த குழந்தைகளுக்கு மருந்தைக் கூட்டியபோது 83 சதவீதம் 90-ஐ நெருங்கியது. உங்கள் மகளுக்குக் குறைத்திருக்கிறார்கள் என்றால் அவளுக்குத் தேவையில்லாததை விட்டிருக்கிறார்கள்.

எம்ஆர்டி என்பது மரபணு டெஸ்டா?

ஓரளவு. 10,000 செல்லில் ஒரு நோய்ச் செல் மிச்சமிருந்தாலும் பிடிக்கிற கணக்கு அது. செல்களின் மேற்பரப்பு அடையாளங்களை லேசரில் படிக்கிற ஃப்ளோ சைட்டோமெட்ரியிலும் பார்க்கலாம், நோயின் சொந்த மரபணு அடையாளத்தை வைத்துப் பிசிஆரிலும் பார்க்கலாம். மைக்ரோஸ்கோப்பில் ‘நோய் இல்லை’ என்று வந்தாலும் 100 செல்லில் நாலு மிச்சமிருக்கலாம். எம்ஆர்டி அந்தத் திரையை விலக்குகிறது.

என்னைக் கேட்டால், முதல் நாள் ரிப்போர்ட்டைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம். முதல் நாள் மரபணு சொல்வது அனுமானம். எம்ஆர்டி சொல்வது இந்த உடம்பு இந்த மருந்துக்கு எப்படி அடங்கியது என்ற கண்ணெதிர்ச் சாட்சி. என்பிஎம்1 வகை ஏஎம்எல்லில், இரண்டு சுற்று கீமோவுக்குப் பிறகு ரத்தத்தில் அதன் தடயமே இல்லாதவர்களை டிரான்ஸ்பிளான்டுக்கு அனுப்பியதால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்று பிரிட்டன் ஆய்வுகளில் தெரிந்தது.

6-எம்பி மாத்திரை தொடங்கும் முன் வேறொரு ஜீன் டெஸ்ட் கேட்கிறார்கள். அது என்ன?

இது நோயின் மரபணு அல்ல, குழந்தையின் சொந்த மரபணு, பிறவியிலேயே வந்தது. டிபிஎம்டி, நுட்15 என்ற இரண்டு மரபணுக்களும் 6-எம்பி எனப்படும் மெர்காப்டோபியூரின் மருந்தை உடம்பில் கட்டுக்குள் வைக்கின்றன. இரண்டு பிரதியும் பழுதானால் வழக்கமான டோஸே விஷமாகி, வெள்ளணுக்கள் பாதாளத்துக்குப் போய்விடும். டிபிஎம்டி முழுக்கப் பழுதானவர்களுக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு, அதுவும் வாரம் மூன்று நாள் போதும். நுட்15 மாற்றம் ஆசியர்களிடையே அதிகம். ஐரோப்பியர்களிடையே அபூர்வம், அதனால் பல காலம் யார் கண்ணிலும் படவில்லை. 2014-ல்தான் கொரிய நோயாளிகளிடம் செய்த ஆய்வில் வெளிப்பட்டது. டோஸ் குறைவதால் வைத்தியம் குறைவதில்லை. அந்த உடம்புக்கு அதுவே முழு டோஸ்.

சிஎம்எல்லுக்கு ஏன் கீமோவே இல்லை?

சிஎம்எல் (க்ரானிக் மைலாய்டு லுகேமியா) மெல்ல வளரும் வகை; அதில் நோயை நடத்துவது ஒரே ஒரு பிழை, அதனால். 1960-ல் பிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் சிஎம்எல் நோயாளிகளிடம் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 1973-ல் ஜேனட் ரௌலி அது 9-க்கும் 22-க்கும் நடந்த இடமாற்றம் என்று காட்டினார். அதிலிருந்து உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL; மேலே சொன்ன பிசிஆர் டெஸ்டும் ஏபிஎல் லுகேமியாவும் வேறு) புரதத்தை அடைக்கிற இமாடினிப் 2001-ல் வந்தது. மருந்தின் முதல் பெரிய ஆய்வில் இமாடினிப் எடுத்தவர்களில் 83 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள்.

இங்கே ரிஸ்க்கைத் தொடர்ந்து அளப்பார்கள். பிசிஆர்-ஏபிஎல் அளவு 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குள், 6 மாதத்தில் 1, ஒரு வருடத்தில் 0.1 என்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் முதல் சந்தேகம் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்பதே. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உண்மையைச் சொல்லிவிடுங்கள். அது சரியென்றால் ஏபிஎல் (ABL) மரபணுவில் புது மாற்றம் பார்ப்பார்கள். டி315ஐ என்று வந்தால் டாசாடினிப், நிலோடினிப் இரண்டும் எடுபடாது, போனாடினிபோ அசிமினிபோதான். பல வருடம் நோய் ஆழமாக அடங்கியிருந்தால் கண்காணிப்போடு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். ஏறத்தாழ பாதிப்பேருக்கு அப்படியே நிற்கிறது. நீங்களாக நிறுத்தக் கூடாது.

ஏஎல்எல்லிலும் இதே பிலடெல்ஃபியா குரோமோசோம் வரும். ஒரு காலத்தில் அதுதான் ஏஎல்எல்லின் ஆகக் கெட்ட செய்தி. இந்த மாத்திரைகள் வந்தபின் கதை மாறிவிட்டது. பழைய புத்தகத்தில் ‘மோசம்’ என்று இருப்பதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெடாதீர்கள்.

அப்பாவுக்கு சிஎல்எல். ‘ஐஜிஹெச்வி மியூட்டேட்டட்’ என்று போட்டிருக்கிறது, பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், மாற்றம் இருப்பதே நல்லது என்கிற அபூர்வமான இடம் இது. சிஎல்எல் (க்ரானிக் லிம்ஃபோசைடிக் லுகேமியா) செல்லின் ஆன்டிபாடி மரபணுதான் ஐஜிஹெச்வி. அது மாறியிருந்தால் நோய் மெல்ல நகரும். மாறாமல் இருந்தால்தான் வேகம். பெயர் வைத்தவர்கள் குடும்பத்தாரை நினைத்துப் பார்க்கவில்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது 17-ஆம் குரோமோசோமின் குட்டைக் கை இழப்பும் டிபி53 மாற்றமும். பழைய கீமோ செல்லின் டிஎன்ஏ-வை உடைக்கும். உடைந்ததைப் பார்த்து ‘செத்துப்போ’ என்று செல்லுக்கு உத்தரவிடுவது டிபி53. அந்த உத்தரவு போடுகிற ஆளே இல்லையென்றால் கீமோ வீண். ஆகவே இவர்களுக்கு கீமோவைத் தவிர்த்து பிடிகே என்ற புரதத்தைத் தடுக்கிற மாத்திரைகளோ வெனிடோகிளாக்ஸ் சார்ந்த வைத்தியமோ கொடுப்பார்கள்.

இன்னொன்று. மரபணு எப்படியிருந்தாலும், தொந்தரவு இல்லாத ஆரம்ப நிலை சிஎல்எல்லுக்கு வைத்தியம் தொடங்காமல் பார்த்துக்கொண்டிருப்பதே முறை. முன்கூட்டித் தொடங்கியதால் ஆயுள் கூடியதாக எந்த ஆய்விலும் வரவில்லை. கெட்ட ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம்தான்.

மைலோமாவுக்கும் எம்டிஎஸ்ஸுக்கும் இதே மாதிரியா?

மைலோமா என்பது மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களின் புற்றுநோய். அதில் ஃபிஷ் டெஸ்டுக்கு முன் பிளாஸ்மா செல்களைத் தனியாகப் பிரித்தெடுத்தார்களா என்று மட்டும் கேளுங்கள். பிரிக்காமல் செய்தால் கெட்ட மாற்றம் இருந்தும் ‘இல்லை’ என்று வந்துவிடலாம். 17-இன் குட்டைக் கை இழப்பு, 4-14, 14-16 இடமாற்றங்கள், 1-ஆம் குரோமோசோமின் நீளக் கை கூடுதலாக இருப்பது ஆகியவை ஹை ரிஸ்க். இவர்களுக்குப் பராமரிப்பு மருந்து ஒன்றுக்குப் பதில் இரண்டாக இருக்கலாம். எம்டிஎஸ்ஸில், அதாவது மஜ்ஜை சரியான ரத்த அணுக்களை உருவாக்க முடியாமல் போகிற நோயில், 5-இன் நீளக் கை மட்டும் இழந்தவர்களுக்கு லெனலிடோமைடு நன்றாகக் கேட்கும். 2022-ல் வந்த ரிஸ்க் கணக்கில் 31 மரபணுக்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஹை ரிஸ்க் என்றால் டிரான்ஸ்பிளான்ட் கட்டாயமா?

கட்டாயமில்லை, தராசில் வைக்கிற விஷயம். டிரான்ஸ்பிளான்ட் நோய் திரும்புவதைக் குறைக்கும். ஆனால் அதனாலேயே சிலர் இறக்கிறார்கள். ஏஎம்எல்லில், கீமோ மட்டும் கொடுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு 35, 40 சதவீதத்துக்கு மேல் என்றால் டிரான்ஸ்பிளான்ட் பக்கம் தட்டு சாயும். வயது, இதயம், சிறுநீரகம், டோனர் எல்லாமும் தட்டில் ஏறும்.

டோனர் அண்ணன், தங்கை என்று குடும்பத்தவராக இருந்தால் முன்பு சொன்ன பிறவி மாற்றத்தை நோயாளியிடம் முதலில் தேட வேண்டும். அவருக்கு டிடிஎக்ஸ்41 பிறவி மாற்றம் இருந்து, அதே மாற்றமுள்ள தம்பியின் ஸ்டெம்செல்லைப் போட்டால், புது மஜ்ஜையிலேயே பிற்பாடு நோய் முளைக்கலாம். நோயாளியின் ரத்தத்தில் நோய்ச் செல் கலந்திருப்பதால் இந்த டெஸ்டை ரத்தத்தில் செய்தால் குழப்பம். தோலில் சிறு துண்டு எடுத்து வளர்த்துச் செய்வார்கள். தோல் எதற்கு என்று பலர் திகைப்பது இந்த இடத்தில்தான்.

‘விஏஎஃப் 48 சதவீதம்’, ‘விளக்கம் தெரியாத மாற்றம்’ என்றெல்லாம் இருக்கிறதே?

விஏஎஃப் என்பது, அந்த மரபணுவைப் படித்த பிரதிகளில் எத்தனை சதவீதத்தில் மாற்றம் இருந்தது என்பது. ஒரு செல்லில் இரண்டு பிரதி உண்டு. ஒன்றில் மட்டும் மாற்றம் என்றால், எல்லாச் செல்லிலும் நோய் இருந்தாலும் 50 சதவீதம்தான் வரும். 48 என்பது நோயால் பாதி மஜ்ஜை போனது என்ற கணக்கல்ல. நோய் அடங்கிய பிறகும் அதே 48 அசையாமல் நின்றால் அது பிறவி மாற்றமாக இருக்கலாம், அப்போது தோல் டெஸ்ட்.

விளக்கம் தெரியாத மாற்றத்தை வைத்து யாரும் வைத்தியத்தை மாற்ற மாட்டார்கள். நீங்களும் இன்டர்நெட்டில் அதைத் துரத்த வேண்டாம். டிஎன்எம்டி3ஏ, டெட்2 ஆகிய மரபணுக்களின் மாற்றங்கள் நோய் அடங்கிய பின்னும் மிச்சமிருந்தால் உடனே பதற வேண்டியதில்லை. வயதாக ஆக நல்ல மஜ்ஜையிலேயே இவை சேரும், எழுபதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு லுகேமியா இல்லாமலே இப்படிப்பட்ட மாற்றங்கள் இருக்கின்றன.

ஹை ரிஸ்க் என்று போட்டுவிட்டார்கள். பிழைப்பாரா, மாட்டாரா?

ரிஸ்க் என்பது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. நூறு பேரில் நாற்பது பேர் என்று சொல்லும்; அந்த நாற்பதில் உங்கள் ஆள் இருக்கிறாரா என்று சொல்லாது. அந்த எண்களும் சில ஆண்டுகளுக்கு முன், அன்றைய மருந்தைச் சாப்பிட்டவர்களுடையவை. கேஎம்டி2ஏ மாற்றத்தோடு ஏஎல்எல் வந்த கைக்குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: நோய் திரும்பாமல் இரண்டாண்டைக் கடந்தவர்கள் பாதிப்பேர்தான். கீமோவோடு பிளினாடுமோமாப் என்ற ஆன்டிபாடி மருந்தை ஒரு மாதம் சேர்த்துக் கொடுத்த சிறிய ஆய்வில், 2023-ல் வெளியானது, அது 82 சதவீதமானது. ரிப்போர்ட்டில் அதே ‘மோசம்’தான் எழுதியிருக்கும்.

டாக்டரிடம் ‘பிழைப்பாரா’ என்று கேட்பதைவிட, ‘இந்த மாற்றத்துக்கென்று மருந்து உண்டா, அடுத்த எம்ஆர்டி எப்போது, அதில் என்ன வந்தால் திட்டம் மாறும்’ என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடிய கேள்விகள் அவை.

நோய் திரும்பிவிட்டது. பழைய ஜீன் ரிப்போர்ட் இருக்கிறதே, மறுபடி எதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டும்?

திரும்பி வருவது பெரும்பாலும் பழைய நோயின் வேறொரு கிளை. முதல் தடவை இருந்த எஃப்எல்டி3 இப்போது காணாமல் போயிருக்கலாம். இல்லாதது புதிதாக முளைத்திருக்கலாம். இல்லாத குறிக்கு மருந்து கொடுப்பதும், இருக்கிற குறிக்குக் கொடுக்காமல் விடுவதும் இப்படித்தான் நடக்கும். மறுபடி செய்தே ஆக வேண்டும்.

பழைய ரிப்போர்ட்டையும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். பிசிஆரில் எம்ஆர்டி தேடுகிற லேபுக்கு எந்த அடையாளத்தைத் தேடுவது என்று சொல்வது அந்த முதல் நாள் காகிதம்தான். ஆஸ்பத்திரி மாறும்போது முதலில் தொலைவதும் அதுதான். போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.